சைக்கிள் சீட்டில் வலியும் மரப்பும்: சரிசெய்யும் முறை

கியர் சைக்கிள் வாங்கிய இரண்டாவது வாரத்தில் பலரும் கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்பது ஜெல் கவர். "சீட்டு கல்லு மாதிரி இருக்குண்ணே" என்றதும் கடைக்காரரும் எடுத்துக் கொடுத்துவிடுவார். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தால் சுகமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டும்போதுதான் வினை தெரியும். மெத்தென்ற ஜெல்லில் இடுப்பெலும்பு அமுங்கி இறங்க இறங்க, நடுவில் இருக்கும் ஜெல் மேலே பிதுங்கி, அழுத்தமே படக்கூடாத இடத்தில் அழுத்தும். அதுவரை வலித்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது மரத்துப்போக ஆரம்பிக்கும்.

வலி வேறு, மரப்பு வேறு. உட்காரும்போது எடையைத் தாங்குவதற்கென்றே இடுப்பின் அடியில் இரண்டு எலும்பு முனைகள் இருக்கின்றன. மரப்பலகையில் உள்ளங்கைகளைப் பிட்டத்துக்கு அடியில் வைத்து உட்கார்ந்தால் உருண்டையாகக் குத்துவது அவைதான். புதிதாக ஓட்டுபவருக்கு அந்த எலும்பை ஒட்டிய சதை கன்றிப்போய் வலிக்கும். வாரத்தில் மூன்று நாள் அளவாக ஓட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். அந்த இரண்டு எலும்புகளுக்கும் நடுவில், ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட மெல்லிய பகுதியை ஒட்டித்தான் புடெண்டல் நரம்பும் அதனுடன் செல்லும் ரத்தக்குழாய்களும் போகின்றன. அவை நசுங்கும்போதுதான் மரத்துப்போகிறது. "ஓட்ட ஓட்டச் சரியாயிடும்" என்று சீனியர்கள் சொல்வது எலும்பு வலிக்குப் பொருந்தும். மரப்புக்குப் பொருந்தாது. ஒரே ஒரு நாள் வந்தாலும் சைக்கிளில் எதையோ மாற்றியாக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புது சீட் வாங்குவது கடைசி வேலை. முதலில் உயரம், பிறகு முன்பின் நகர்வு, பிறகு சாய்வு, பிறகு ஹேண்டில்பார் என்ற வரிசையில் போக வேண்டும். உயரத்தை மாற்றினால் மற்றவை எல்லாம் மாறிவிடும் என்பதால்தான் இந்த வரிசை. ஆரம்பிக்கும் முன் சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டி, சீட்டைப் பக்கவாட்டில் ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, இருபது கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திருகினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

உயரம்

நம் ஊரில் பெரும்பாலான சைக்கிள்களில் சீட் தாழ்வாகத்தான் இருக்கும். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சின்ன வயதில் பழகியது அப்படியே ஒட்டிக்கொண்டது. சீட் தாழ்ந்தால் கால்கள் எடையைச் சரியாக வாங்காது; உடம்பின் மொத்த பாரமும் சீட்டில் இறங்கும், முட்டியும் வலிக்கும். சரியான உயரத்தில் உட்கார்ந்தபடி நுனிக்காலைத்தான் எட்ட வைக்க முடியும். சிக்னலில் நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி, ஃபிரேமின் மேல்குழாய்க்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நிற்பதுதான் முறை. ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அளவெடுக்க, செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே, முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, சீட் அழுத்தும் அளவுக்கு மேல்நோக்கி அழுத்துங்கள். புத்தகத்தின் மேல் விளிம்புக்கு நேராகச் சுவரில் கோடு போட்டு, தரையிலிருந்து அளங்கள். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால் வருவது, கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் குழாயின் வாக்கிலேயே இருக்க வேண்டிய தூரம். 78 செ.மீ. கவட்டை உயரம் உள்ளவருக்கு ஏறக்குறைய 69 செ.மீ. பந்தயச் சைக்கிள்காரர்களிடையே பல காலமாகப் புழங்கும் கணக்கு இது. ஷூவின் தடிமன், பெடல், கிராங்க் நீளம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே வரலாம்.

அதனால் குதிகாலை வைத்து ஒரு சோதனையும் செய்ய வேண்டும். சுவரில் சாய்ந்தோ, ஒருவர் பிடித்துக்கொள்ளவோ, வழக்கமான ஷூவோடு ஏறி உட்கார்ந்து, குதிகாலை பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சரியக்கூடாது. பாதத்தின் முன்பகுதியை வைத்து ஓட்டும்போது அதே இடத்தில் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அவ்வளவுதான்.

சீட் அதிக உயரமாக இருப்பது மரப்பைப் பொறுத்தவரை தாழ்ந்திருப்பதைவிட மோசம். ஒவ்வொரு மிதிக்கும் கால் எட்டாமல் இடுப்பு இடமும் வலமும் ஆடி, நடுப்பகுதி சீட்டின் மூக்கில், அதாவது முன்நுனியில், உரசிக்கொண்டே இருக்கும். நண்பர் ஒருவரைப் பின்னால் வரச் சொல்லி செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இடுப்புப் பட்டை ஊஞ்சலாடுவது தெரிந்தால் ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ. வரை இறக்கி, ஆட்டம் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். உயர்த்துபவர்கள் சீட் போஸ்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச உள்நுழைவுக் கோடு வெளியே தெரியும்வரை இழுக்கக் கூடாது. ஃபிரேம் விரிசல் விடுவது அப்படித்தான்.

முன்பின் நகர்வும் சாய்வும்

சீட்டின் அடியில் உள்ள இரண்டு கம்பிகளை ஒரு கிளாம்ப் கவ்வியிருக்கும். பழைய மாடல்களிலும் விலை குறைந்தவற்றிலும் இரண்டு பக்கமும் நட்டு உள்ள இரும்புக் கிளாம்ப். 13 அல்லது 14 ஸ்பேனர் போதும். அலாய் போஸ்டுகளில் பெரும்பாலும் ஆலன் போல்ட், 5 அல்லது 6 மி.மீ. கீ. கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி, முன்னால் இருக்கும் காலின் முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள மேட்டிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். நூல் பெடல் அச்சின் மேல் விழும்படி சீட்டை நகர்த்துவது நல்ல தொடக்கம். சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் பெடலுக்கான தூரமும் சில மில்லிமீட்டர் கூடும். அதற்கேற்ப உயரத்தை ஒரு துளி இறக்குங்கள்.

சாய்வில்தான் நிறையப் பேருக்கு விடிவு கிடைக்கிறது. சீட்டின் மூக்கு கொஞ்சம் மேலே தூக்கியிருந்தாலும், முன்னால் குனிந்ததும் நேராக நடுப்பகுதியில் குத்தும். முதலில் சைக்கிள் நிற்கும் தரை சமமாக இருக்கிறதா என்று செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப்பை வைத்துப் பாருங்கள். நம் வீட்டு கார் ஷெட்களில் தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குச் சரிவு கொடுத்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் அளந்தால் எல்லாம் தப்பாகும். பிறகு சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு தட்டையான பலகையை வைத்து, அதன் மேல் போனை வைத்து அளங்கள். பின்பகுதி மேடாக வளைந்த சீட் என்றால் முன்னாலும் நடுவிலும் உள்ள பகுதியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

சுழியத்தில் தொடங்கி, மரப்பு இருந்தால் மூக்கை ஒவ்வொரு டிகிரியாக இறக்குங்கள். 3 டிகிரிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கும் கீழே போனால் உடம்பு முன்னால் வழுக்கும். வழுக்காமல் இருக்க கைகளால் ஊன்ற வேண்டிவரும், அப்புறம் உள்ளங்கையும் சுண்டுவிரலும் மரக்கும். ஒரு இடத்து நோவை இன்னொரு இடத்துக்கு மாற்றிய கதைதான். ஆளில்லாத நேர்சாலையில் மிதித்துக்கொண்டே கைகளின் பிடியை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். முன்னால் சரிகிறீர்கள் என்றால் இறக்கம் அதிகம்.

முன்னும் பின்னும் இரண்டு போல்ட் உள்ள போஸ்ட் என்றால் டிகிரி டிகிரியாக நகர்த்தலாம். முன் போல்ட்டை இறுக்கினால் மூக்கு இறங்கும், பின் போல்ட்டை இறுக்கினால் ஏறும். எதை இறுக்கும் முன்பும் எதிர்ப்பக்கத்தைத் தளர்த்த வேண்டும். பல் வைத்த ஒற்றை போல்ட் கிளாம்பில் அந்தச் சௌகரியம் கிடையாது. ஒரு பல் நகர்ந்தாலே சாய்வு சட்டென்று மாறிவிடும். பற்கள் சரியாகப் பொருந்தாமல் இறுக்கினால் அவை மழுங்கி, ஏதாவது ஒரு ஸ்பீடு பிரேக்கரில் சீட் திடீரெனக் கவிழும். மழுங்கிய கிளாம்பை இன்னும் முரட்டுத்தனமாக இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

மலை ஏறுபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 7 சதவீத ஏற்றத்தில் சைக்கிளே 4 டிகிரி பின்னால் சாய்ந்து நிற்கும். சமதளத்தில் மட்டமாக வைத்த சீட், கொல்லிமலைப் பாதையில் மூக்கைத் தூக்கிய சீட்டாகிவிடுகிறது. சமவெளியில் எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு மலையில் மட்டும் மரத்துப்போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதற்காகச் சீட்டை 4 டிகிரி இறக்க வேண்டாம். ஏற்றத்தில் அடிக்கடி எழுந்து நின்று மிதித்தால் போதும்.

ஹேண்டில்பார்

எங்கே உட்கார்ந்தாலும் சிறிது நேரத்தில் சீட்டின் நுனிக்கே வந்துவிடுகிறீர்களா? ஹேண்டில்பார் தூரமாகவோ தாழ்வாகவோ இருக்கிறது. எட்டிப் பிடிக்க இடுப்பை முன்னால் உருட்டுகிறோம். எடை எலும்பிலிருந்து விலகி நடுப்பகுதிக்கு வருகிறது. ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் வளையங்களைப் போட்டு உயர்த்தலாம். அதற்கு வழியில்லை என்றால் 100 மி.மீ. ஸ்டெம்மை 80 ஆக மாற்றலாம். எட்டவில்லை என்பதற்காகச் சீட்டை முன்னுக்கு இழுக்கும் வேலை மட்டும் வேண்டாம். முட்டிக்கும் பெடலுக்கும் உள்ள கணக்கு அதில் கெட்டுவிடும்.

சீட்டின் அகலம்

இவ்வளவும் செய்தும் போகவில்லை என்றால் சீட்டின் அகலம் உங்கள் எலும்புக்குப் பொருந்தவில்லை. ஆளின் பருமனுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. ஒல்லியானவருக்கு எலும்பு இடைவெளி அதிகமாகவும், பருத்தவருக்குக் குறைவாகவும் இருக்கலாம். பெண்களுக்குச் சராசரியாகச் சற்று அகலம் அதிகம்.

அளக்க ஓர் அட்டைப்பெட்டியின் துண்டு போதும். மடிப்பு மடிப்பாக உள்ளே காற்று உள்ள அட்டையாக இருக்க வேண்டும். அதைக் கெட்டியான ஸ்டூலிலோ வாசல்படியிலோ வைத்து, மெல்லிய உடையோடு உட்காருங்கள். ஒவ்வொரு பாதத்துக்கு அடியிலும் ஒரு செங்கல் வைத்து முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் உயரட்டும். சைக்கிளில் எவ்வளவு குனிவீர்களோ அவ்வளவு குனிந்து, இரண்டு கைகளாலும் ஸ்டூலைப் பிடித்து உடம்பைக் கீழ்நோக்கி ஒரு நிமிடம் இழுத்துப் பிடியுங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும். விரலால் தடவி ஒவ்வொன்றிலும் ஆழமான புள்ளியைப் பேனாவால் குறித்து, அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை மில்லிமீட்டரில் எடுங்கள்.

நன்றாகக் குனிந்து ஓட்டும் ரோடு பைக்குக்கு அந்த அளவோடு 20 மி.மீ., ரோடு பைக்குக்கும் சாதாரண சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஹைபிரிட்டுக்கு 30, நிமிர்ந்து உட்காரும் சைக்கிளுக்கு 40 கூட்டுங்கள். 115 மி.மீ. வந்தவருக்கு ஹைபிரிட்டில் 145 மி.மீ. அகல சீட் பொருந்தும். மேற்பரப்பு பக்கவாட்டில் வளைந்து இறங்கும் சீட்களில், சீட்டோடு வரும் அட்டையில் அச்சிட்டிருக்கும் அகலம் முழுவதும் உட்காரப் பயன்படாது. தட்டையான பகுதி எவ்வளவு என்று பாருங்கள். அகலம் கூடினாலும் சிக்கல்தான். தொடையின் உள்பக்கம் உரசி எரியும்.

நடுவில் பள்ளமோ துளையோ உள்ள சீட் பலருக்கு உதவும், எல்லாருக்கும் இல்லை. துளையின் விளிம்பே சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அறுப்பது போல அழுத்தும். அகலம் தப்பான சீட்டில் எவ்வளவு பெரிய துளை இருந்தும் புண்ணியமில்லை. பஞ்சைப் பொறுத்தவரை கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சமே அமுங்கி உடனே எழும்பும் சீட்தான் நீண்ட தூரத்துக்கு ஏற்றது.

மூக்கே இல்லாத சீட்களும் உண்டு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களுக்கு அவற்றைக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தது. 2008ல் வெளியான அந்த ஆய்வில், மரப்பே வரவில்லை என்று சொன்னவர்கள் 27 சதவீதத்திலிருந்து 82 சதவீதமானார்கள். தொடையால் மூக்கை அணைத்துச் சைக்கிளைத் திருப்பிப் பழகியவர்களுக்கு ஆரம்பத்தில் கட்டுப்பாடு குறைந்த மாதிரி இருக்கும். மற்ற எதற்கும் மசியாத மரப்பு உள்ளவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய வழி.

உடையும் தோலும்

ஜீன்ஸில் நான்கு தையல்கள் வந்து சேரும் முடிச்சு, மிகச் சரியாகச் சீட் அழுத்தும் இடத்தில் இருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் தையல் குறைந்த உடை போடுங்கள். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் பேடட் ஷார்ட்ஸ் (உள்ளே பேட் வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ்) போடுவது நல்லது. அதற்கு உள்ளே ஜட்டி போடக்கூடாது. வெட்கப்பட்டு இதை மீறுபவர்கள்தான் அதிகம். வியர்வையில் ஊறிய பருத்தியும் அதன் எலாஸ்டிக் ஓரமும் தோலை உரசிப் புண்ணாக்கும். பேடின் பலனே போய்விடும். வெளியே தெரிவது சங்கடம் என்றால் மேலே தளர்வான ஷார்ட்ஸோ சுடிதாரோ போட்டுக்கொள்ளலாம். பேட் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும், நகரவோ சுருங்கவோ கூடாது.

ஒவ்வொரு தடவை போட்டதும் துவைத்தாக வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, மென்மையான சோப்பில் அலசி, பேட் காற்றைப் பார்க்கும்படி நிழலில் காயப்போடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது பேடின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். மழைக்காலத்தில் ஒரே நாளில் காயாது என்பதால் இரண்டு ஜோடி இருப்பது நல்லது.

உரசும் இடங்களில் இதற்கென்று விற்கும் க்ரீமைத் தடவலாம். வாசலினும் வேலை செய்யும், பேடிலிருந்து போக்குவதுதான் பாடு. பவுடர் போடும் வழக்கம் நம்மிடம் அதிகம். வியர்வை பட்டதும் அது திரண்டு, உரசலைக் கூட்டும். அந்த இடத்து முடியை மழிக்காதீர்கள், கத்தரித்தால் போதும். மழித்த முடி உள்நோக்கி வளர்ந்தும் கட்டிகள் வருகின்றன.

சென்னை மாதிரி கடற்கரை ஊர்களில் ஓட்டி முடித்ததும் ஈர ஷார்ட்ஸோடு டிபன் கடையில் ஒரு மணி நேரம் உட்காருவதுதான் தோலுக்கு முதல் எதிரி. உடனே மாற்றி, குளித்து, தொடை இடுக்கை நன்றாகத் துடையுங்கள். கட்டி வந்தால் பிதுக்காமல், வெதுவெதுப்பான துணியால் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுத்து, ஆறும்வரை சைக்கிளை நிறுத்துங்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். வளையமாக, ஓரம் தடித்து அரித்தால் அது படர்தாமரை. மெடிக்கலில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் அடங்கி, பிறகு முன்பைவிடப் பரவும். தோல் டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் போடுங்கள்.

ஓட்டும்போது

டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அதிகபட்சக் காற்று. அவ்வளவு அடித்தால் சாலையின் ஒவ்வொரு கல்லும் சீட்டுக்கு வரும். 70 கிலோ ஆள், 35 மி.மீ. ஹைபிரிட் டயர் என்றால் 50 முதல் 60 பிஎஸ்ஐ தாராளம். மீட்டர் வைத்த பம்ப் வாங்குவது ஜெல் கவர் வாங்குவதைவிட நல்ல செலவு. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு பெடலையும் மட்டமாக நிறுத்தி, சீட்டை விட்டு எழுந்து கடக்கப் பழகுங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடமாவது எழுந்து நின்று மிதிக்க வேண்டும். அழுத்தம் விலகி ரத்தம் ஓடுவதற்கு அதுதான் நேரம். மேடு பள்ளமான பாதையில் இது தானாக நடக்கும். சென்னையிலிருந்து புதுச்சேரி வரை ஈசிஆர் 150 கிலோமீட்டர் வாக்கில் தட்டையாகக் கிடக்கிறது. எழுந்து நிற்க அந்தச் சாலை உங்களைக் கட்டாயப்படுத்தாது. அதனால் போனிலோ வாட்சிலோ அலாரம் வையுங்கள். 200 கி.மீ. பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டுபவர்களுக்குப் பதின்மூன்றரை மணி நேர அவகாசம் இருக்கிறது, அரை நிமிட நிற்றல்களால் அது தீர்ந்துவிடாது. மிக லேசான கியரில் காலைச் சும்மா சுழற்றினாலும் எடை முழுவதும் சீட்டில்தான் விழும். ஒரு கியர் கனமாக்கினால் கால் கொஞ்சம் பாரத்தை வாங்கிக்கொள்ளும். வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் ஸ்டாண்டில்) ஓட்டினால் சைக்கிள் அசையவே அசையாது, உடம்பும் இடம் மாறாது. அங்கே மரப்பு சாலையைவிடச் சீக்கிரம் வரும்.

ஒரு பக்கம் மட்டும் வலித்தால் சீட் கோணலாகத் திரும்பியிருக்கிறதா, அடிக்கம்பி வளைந்திருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் இரண்டு கால்களின் நீளத்தில் வித்தியாசம் இருக்கலாம். வால் எலும்பு வலித்தால் முதுகைக் கூனி, பின்னால் சாய்ந்து உட்காருகிறீர்கள்.

ஓட்டும்போது மரத்துப்போனால் உடனே இறங்கி, உணர்வு முழுவதும் திரும்பும்வரை நடந்துவிட்டுப் பிறகு ஏறுங்கள். சில நிமிடத்தில் திரும்ப வேண்டும். மறுநாளும் மரப்பு நீடித்தால், எல்லாம் சரிசெய்தும் திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீர் போவதில் சிரமமோ விறைப்பில் குறைபாடோ தெரிந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு சிறுநீரகவியல் டாக்டரைப் பாருங்கள். அவர்கள் தினமும் கேட்கும் விஷயம்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. கடும் முதுகுவலியோடு அந்த இடம் மரத்து, கால் பலவீனமாகி, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனால் அல்லது போகவே முடியாமல் அடைத்துக்கொண்டால், அது சீட்டின் கோளாறில்லை, தண்டுவட நரம்புகள் நசுங்குவதன் அறிகுறி. அன்றைக்கே, அந்த நேரமே, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.